டோக்கனால்தான் குறைந்ததா? ஒரே ஒரு குழந்தையை வைத்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுப் பையன், வகுப்பில் உட்கார வைத்தால் எழுந்து ஓடிவிடுகிறான், "ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை". சிறப்புக் கல்வி ஆசிரியையான நீங்கள் டோக்கன் அட்டை ஆரம்பித்தீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஒரு ஸ்டார், ஐந்து ஸ்டார் சேர்ந்தால் ஊஞ்சல். மூன்று வாரத்தில் நாலைந்து தடவையாகக் குறைந்துவிட்டது. சந்தோஷமாகப் போய்ச் சொன்னால், மேலே இருப்பவர் "டோக்கனால்தான் குறைந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். ஒரே ஒரு குழந்தை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, இதையெல்லாம் சோதனை என்று சொல்ல முடியுமா, பேஸ்லைன் (எதையும் மாற்றுவதற்கு முன் எடுக்கும் கணக்கு), ரிவர்சல் (மாற்றியதைத் திருப்பி எடுத்துப் பார்ப்பது) என்று பாடத்தில் வருவதெல்லாம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. பையன் மாறியிருக்கிறான், அதில் சந்தேகமில்லை. எதனால் மாறினான் என்பது வேறு விஷயம். உங்கள் கேள்வியிலேயே போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா தெரியவில்லை: டோக்கன் ஆரம்பித்த அதே வாரத்தில்தான் அவன் பக்கத்தில் ஓர் உதவி ஆசிரியை உட்கார ஆரம்பித்திருக்கிறார். அப்படியென்றால் ஸ்டார் வேலை செய்ததா, பக்கத்தில் ஆள் இருந்தது வேலை செய்ததா? இரண்டும் ஒன்றாக வந்து ஒன்றாகவே இருப்பதால், இந்த மூன்று வாரக் கணக்கை வைத்துக்கொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இப்படி நாம் பார்க்க நினைத்ததோடு ஒட்டிக்கொண்டே வருகிற இன்னொரு காரணத்தைத்தான் குழப்பும் மாறி என்கிறார்கள். சோதனை வடிவமைப்பு என்று பெரிதாகச் சொல்வதில் பாதி வேலை இதைக் கழற்றி விடுவதுதான்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது: எண்ணுவது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் "அடம் பிடிக்கிறான்" என்பதைக் குறிக்கச் சொல்லி அம்மாவிடம் ஒரு நோட்டுக் கொடுத்தேன், அதே இரண்டு மணி நேரம் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து குறித்தேன். முடிந்ததும் பார்த்தால் அவர் பன்னிரண்டு போட்டிருக்கிறார், நான் நாலு. இருவரும் பொய் எழுதவில்லை. அவர் கணக்கில் சிணுங்கினாலே அடம், என் கணக்கில் தரையில் விழுந்து புரண்டால்தான் அடம். அவரிடம் தெளிவாகச் சொல்லாதது என் தப்பு. அன்றிலிருந்து "முழங்காலோ முதுகோ தரையில் பட்டு, கூடவே கத்தலும் இருந்தால் ஒன்று, முப்பது விநாடி அடங்கியிருந்து மறுபடி ஆரம்பித்தால் அடுத்தது" என்கிற மாதிரி, புதிதாக வந்த ஆள் படித்தாலும் அதே எண்ணிக்கை வருகிற அளவுக்கு எழுதி வைப்பேன். உங்கள் பையனுக்கும் இது வேண்டும். "எழுந்து ஓடுவது" என்றால் என்ன? நாற்காலியிலிருந்து எழுந்தாலே சேருமா, இரண்டடி நகர்ந்தால்தானா, நீங்களே தண்ணீர் குடிக்க அனுப்பினால் என்ன கணக்கு?

இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதற்காகத்தான். நேரத்தைச் சின்னச் சின்ன இடைவெளிகளாகப் பிரித்துக்கொண்டு, இருவர் குறிப்பும் ஒத்துப்போன இடைவெளிகளை மொத்த இடைவெளிகளால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும், 80க்குக் கீழே போனால் பொதுவாக யாரும் அந்தக் கணக்கை நம்ப மாட்டார்கள். எல்லா நாளும் இரண்டு பேர் தேவையில்லை, அவ்வப்போது போதும். ஆனால் பேஸ்லைனிலும் இருக்க வேண்டும், டோக்கன் நாட்களிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பையன் மாறினானா, எண்ணுகிறவர் கண் மாறிவிட்டதா என்று அடுத்த சந்தேகம் வரும்.

சரி, இப்போது உங்கள் பிரதானக் கேள்வி. ஒரே குழந்தையை வைத்து எப்படி?

இதற்கு நான் எல்லோருக்கும் காட்டுவது 1968இல் வந்த ஓர் ஆய்வு. வான்ஸ் ஹால், டயான் லண்ட், டெலோரிஸ் ஜாக்சன் மூவரும் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்துக் கான்சஸ் நகரத்தில், ஏழைகள் அதிகம் வசிக்கும் பகுதியிலுள்ள பள்ளிகளில் செய்தது. மொத்தம் ஆறு குழந்தைகள், அதில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ராபி என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். ரப்பர் பேண்டைச் சுண்டுவது, பாக்கெட்டிலிருந்து பொம்மையை எடுத்து விளையாடுவது, பக்கத்தில் இருப்பவனோடு பேசிச் சிரிப்பது, காலையில் கொடுத்த பாலை மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருப்பது. ஊரில் எல்லா மூன்றாம் வகுப்பிலும் ஒருவன் இருப்பானே, அவன்தான். அரை மணி நேரத்தைப் பத்துப் பத்து விநாடியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் படிக்கிறானா இல்லையா என்று குறித்தார்கள். படிப்பது என்றால் கண் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள்.

ஒன்றும் மாற்றாமல் முதலில் சும்மா பார்த்தார்கள். 25% நேரம்தான் படித்தான். கூடவே ஆசிரியை அவனைக் கவனித்ததையும் குறித்தார்கள், எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அவனுக்குக் கிடைத்த கவனிப்பில் 55% அவன் படிக்காதபோது கிடைத்தது. "ராபி, பொம்மையை உள்ளே வை", "ராபி, எழுது". அதாவது திட்டு. ஆனால் கவனிப்புதானே.

அப்புறம் மாற்றினார்கள். அவன் ஒரு நிமிடம் தொடர்ந்து படித்தால், உட்கார்ந்து குறிப்பவர் ஆசிரியைக்குச் சைகை காட்டுவார். ஆசிரியை போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவார். படிக்காதபோது கண்டுகொள்ள மாட்டார். சராசரி 71% ஆனது.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் ஹாலும் கூட்டாளிகளும் இப்போது நீங்கள் நிற்கிற இடத்தில்தான் நின்றிருப்பார்கள். அவர்கள் பாராட்டை நிறுத்தினார்கள். படிப்பது சராசரி 50%க்கு இறங்கியது. மறுபடி ஆரம்பித்தார்கள், 70 முதல் 80% வரை போய் நின்றது. சோதனை முடிந்து பல வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்த அளவிலேயே இருந்தான்.

இதுதான் ரிவர்சல். மாற்றாத நிலைக்கு ஏ, மாற்றிய நிலைக்கு பி என்று பெயர் வைத்து ஏ-பி-ஏ-பி என்று சொல்வார்கள். இதில் பையன் தனக்குத் தானே ஒப்பீட்டுக் குழு. இன்னொரு குழந்தையோடு ஒப்பிட்டால் அவன் வீடு வேறு, தூக்கம் வேறு, மூளை வேறு. நேற்றைய ராபியும் இன்றைய ராபியும் அந்த அளவுக்கு வேறுபட மாட்டார்கள்.

இதில் இருக்கிற தர்க்கத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்று சென்னையில் யாராவது சொல்வார்களா? தண்ணி லாரி ஒழுக்கிக்கொண்டு போயிருக்கும், யாராவது வாசல் தெளித்திருப்பார்கள். அதே மாதிரிதான் "டோக்கன் வேலை செய்தால் ஓடுவது குறையும், குறைந்திருக்கிறது, ஆகவே டோக்கன் வேலை செய்கிறது" என்பதும். ஒரு தடவை குறைந்ததற்கு நூறு காரணம் இருக்கலாம்: உதவி ஆசிரியை, காய்ச்சல் சரியானது, வீட்டில் தம்பி பிறந்த கலாட்டா அடங்கியது, மாத்திரையின் அளவை மாற்றியது. ஆனால் டோக்கனை எடுத்த அன்று ஏறி, திருப்பிக் கொடுத்த அன்று இறங்கினால், அந்த நூறு காரணங்களில் எது நம் கைக்குத் தகுந்தாற்போல வந்து போய் வந்திருக்க முடியும்? பூஜ்யம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். நாம் கையை வைக்கும்போது நடத்தையும் கூடவே நகர்கிறது, எடுத்தால் திரும்புகிறது என்று இப்படித் திரும்பத் திரும்பக் காட்ட முடிந்தால்தான் இரண்டுக்கும் நடுவே செயல்தொடர்பு இருக்கிறது என்று சொல்லலாம்.

பேஸ்லைனின் வேலையும் இதிலிருந்தே புரியும். அது வெறும் "முன்னாடி எப்படி இருந்தது" என்கிற குறிப்பு கிடையாது. நாம் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் நாளைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்கிற கணிப்பு அது. கிராஃபில் அந்தக் கோட்டை மனதுக்குள் வலது பக்கம் நீட்டிப் பாருங்கள், தலையீட்டுக்குப் பிறகு வந்த புள்ளிகள் அந்த நீட்டிய கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் விஷயம். அதனால் கோடு நிலையாக இருக்க வேண்டும். ஒரு நாள் பதினைந்து, மறுநாள் மூன்று, அடுத்த நாள் ஒன்பது என்று குதித்தால் எதைக் கணிப்பது? அதைவிட மோசம், நல்ல திசையில் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கிற பேஸ்லைன். 12, 10, 9, 7 என்று தானாக இறங்கிக்கொண்டிருக்கும்போது டோக்கனை நுழைத்தால், பிறகு வருகிற 5, 4 எல்லாம் எதனால் என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. மாறாக, மோசமாகிக்கொண்டே போகும் பேஸ்லைனில் தலையிடலாம், திருப்பம் வந்தால் பளிச்சென்று தெரியும். நடத்தை ஆய்வாளர் முர்ரே சிட்மன் 1960இல் எழுதிய ஆய்வு முறைப் புத்தகத்தில் இந்த நிலைத்தன்மைக்கு அவ்வளவு பக்கம் ஒதுக்கியது சும்மா இல்லை.

"பத்துப் பன்னிரண்டு தடவை" என்று நீங்கள் ஞாபகத்திலிருந்து சொன்னதை நான் ஏன் பேஸ்லைனாக ஏற்க மாட்டேன் என்பது இப்போது தெரிந்திருக்கும். மோசமான நாள்தான் நம் ஞாபகத்தில் நிற்கும்.

குழு இல்லாமல் எப்படி என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: குழுவை வைத்தால் சில விஷயங்கள் மறைந்தே போகும். பத்துக் குழந்தைகளுக்கு ஒரு வார்த்தையைச் சொல்லித் தருகிறோம், ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாளில் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் வெவ்வேறு நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரின் சராசரியைப் போட்டால் அழகாக, மெல்ல மெல்ல ஏறும் ஒரு வளைவு கிடைக்கும். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட அப்படி மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளவில்லை! ஆயிரம் எலிகளை ஆளுக்கு ஒரு மணி நேரம் பார்ப்பதைவிட ஒரே எலியை ஆயிரம் மணி நேரம் பார்க்கலாம் என்கிற அர்த்தத்தில் நடத்தை உளவியலாளர் ஸ்கின்னர் சொன்னதும் இதனால்தான். இதற்காகக் குழு ஆய்வே வேண்டாம் என்று சண்டைக்குப் போகிற கோஷ்டி நடத்தைப் பகுப்பாய்வு என்கிற எங்கள் துறையில் உண்டு, நான் அதில் இல்லை. ஒரு மாவட்டம் முழுவதும் எந்தத் திட்டத்தைக் கொண்டுவரலாம் என்பதற்குக் குழு ஆய்வு வேண்டும். நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்தப் பையனுக்கு இது வேலை செய்கிறதா என்பதற்கு அது பதில் சொல்லாது.

ரிவர்சல் என்றதும் அடுத்து வருகிற கேள்வி, நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்: நன்றாகிக்கொண்டிருப்பதை எடுத்துவிட்டு மறுபடி கெட விடுவது பாவமில்லையா? சில இடங்களில் பாவம்தான். தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தைக்கு அது நின்ற பிறகு, "நிரூபிக்க வேண்டும்" என்று யாரும் பழைய நிலைக்குத் திருப்பக் கூடாது. வேறு சில இடங்களில் திருப்பவே முடியாது. சைக்கிள் ஓட்டக் கற்றவனை, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவளை எந்தப் பேஸ்லைனுக்குத் திருப்புவீர்கள்? உங்கள் பையன் விஷயம் இந்த இரண்டிலும் சேராது, இரண்டு மூன்று நாள் அட்டையை எடுத்து வைத்தால் அவனுக்கு ஆபத்து ஒன்றுமில்லை. ஓடினால் நேராக ரோட்டுக்குப் போகிற மாதிரி வகுப்பறை என்றால் மட்டும் யோசியுங்கள்.

திருப்ப முடியாத இடத்துக்கு மல்டிபிள் பேஸ்லைன், அதாவது பல பேஸ்லைன்களை ஒன்றாக ஆரம்பித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நேரத்தில் கை வைப்பது. டொனால்ட் பேயர், மாண்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி மூவரும் 1968இல் எழுதிய கட்டுரையில், ரிவர்சலுக்குப் பக்கத்திலேயே இதையும் வைத்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் படத்தைக் காட்டிக் கேட்கக் கற்றுத் தருகிறீர்கள். வீடு, பள்ளி, தாத்தா வீடு என்று மூன்று இடத்திலும் ஒரே நாளில் எண்ண ஆரம்பிக்கிறீர்கள், மூன்றிலும் பூஜ்யம். முதலில் வீட்டில் மட்டும் கற்றுத் தருகிறீர்கள், வீட்டில் ஏறுகிறது, மற்ற இரண்டிலும் பூஜ்யமாகவே இருக்கிறது. ஒரு வாரம் கழித்துப் பள்ளியில், இன்னொரு வாரம் கழித்துத் தாத்தா வீட்டில். கை வைத்த இடத்தில், கை வைத்த நேரத்தில் மட்டும் ஏறினால் வேறு காரணம் சொல்வது கஷ்டம், வளர்ச்சி என்றால் மூன்று இடத்திலும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. வீட்டில் கற்றதைப் பையனே தாத்தா வீட்டிலும் போய்ச் செய்துவிட்டால் அம்மாவுக்குக் கொண்டாட்டம், உங்கள் வடிவமைப்பு காலி. எனக்கு இரண்டு தடவை அப்படி நடந்திருக்கிறது, இரண்டு தடவையும் கிராஃபைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இன்னொரு வகை, நிலைமைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது. பிரையன் இவாட்டாவும் கூட்டாளிகளும் 1982இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் தெரியாதவர் இருக்க முடியாது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேர். பதினைந்து நிமிட அமர்வுகள், நாலு வகை. ஒன்றில் காயப்படுத்திக்கொண்டால் "ஐயோ, வேண்டாம்" என்று பெரியவர் ஓடி வந்து அக்கறை காட்டுவார். ஒன்றில் பாடம் நடக்கும், காயப்படுத்திக்கொண்டால் பாடம் கொஞ்ச நேரம் நிற்கும். ஒன்றில் தனியாக இருப்பார். ஒன்றில் பொம்மையும் இருக்கும், கவனிப்பும் இருக்கும், வேலை வாங்க மாட்டார்கள், அது ஒப்பீட்டுக்கு. காயம் எல்லை மீறினால் நிறுத்துவதற்கு மருத்துவர் வகுத்த அளவுகளும் இருந்தன. ஒன்பதில் ஆறு பேருக்கு ஏதோ ஒரு குறிப்பிட்ட நிலைமையில்தான் திரும்பத் திரும்ப அதிகமாக வந்தது, அந்த நிலைமையும் எல்லோருக்கும் ஒன்றில்லை. வெளியே பார்த்தால் எல்லாம் தலையில் அடித்துக்கொள்வதுதான். ஒருவருக்கு அது கவனிப்பை வாங்கித் தருகிறது, இன்னொருவருக்கு வேலையிலிருந்து தப்பிக்க வழி. ஆளைப் பார்க்காமல் "தலையில் அடித்துக்கொள்வதற்கு என்ன சிகிச்சை" என்று கேட்பதே தப்பு என்று அந்த ஒன்பது கிராஃபுகளும் காட்டிவிட்டன. உங்கள் பையன் எதற்காக ஓடுகிறான் என்று பார்த்தீர்களா? பாடத்திலிருந்து தப்பிக்கத்தான் ஓடுகிறான் என்றால், ஊஞ்சலுக்காகச் சேர்க்கும் ஸ்டார் கொஞ்ச நாளில் சலித்துவிடக்கூடும்.

இலக்கைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போகிற வடிவமைப்பு ஒன்றும் உண்டு, சிகரெட்டைக் குறைக்கிற மாதிரி விஷயங்களுக்கு. உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

புள்ளிவிவரப் பரிசோதனை எங்கே என்று மேலே இருப்பவர் கேட்டால், முதலில் கிராஃபைக் காட்டுங்கள். கோட்டின் உயரம் மாறியதா, சாய்வு மாறியதா, எவ்வளவு குதிக்கிறது, மாற்றிய உடனே விளைவு வந்ததா அல்லது பத்து நாள் கழித்தா, இரண்டு நிலைகளின் புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்று எவ்வளவு விழுகின்றன என்று கண்ணால் பார்ப்பதுதான் இங்கே வழக்கம். கண்ணை நம்புவதா என்று கேட்பார்கள். சின்ன மாற்றங்கள் கண்ணில் படாமல் போகும், அது உண்மைதான், ஆனால் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் கண்ணுக்கே தெரியாத மாற்றத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஒன்று விட்டுப்போகக் கூடாது. நீங்கள் எழுதி வைத்த மாதிரியே ஸ்டார் கொடுக்கப்பட்டதா? ஐந்து நிமிடம் என்று போட்டுவிட்டு, கூட்டமான நாளில் பன்னிரண்டாவது நிமிடத்தில் ஞாபகம் வந்து கொடுத்தால், சோதித்துப் பார்த்தது உங்கள் திட்டத்தை இல்லை, வேறெதையோ. வாரத்தில் ஒரு நாளாவது யாரையாவது உட்கார வைத்து அதையும் குறிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பையனிடம் எல்லாம் சரியாக வந்தாலும் அடுத்த பையனுக்கும் வரும் என்று அர்த்தமில்லை, அதற்கு அடுத்த பையனிடமும் செய்து பார்க்க வேண்டும், பிறகு கொஞ்சம் வயது மாற்றி, வகுப்பு மாற்றி. பொதுமை என்பது ஒரே ஆய்விலிருந்து கிடைப்பதில்லை. ஹாலுக்கும் ராபி ஒருவன் மட்டும் போதவில்லை, ஆறு பேர் வேண்டியிருந்தது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. உதவி ஆசிரியையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், எல்லா நிலையிலும் அவர் அங்கேயே இருக்கட்டும், அப்போது அட்டையை எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் வருகிற மாற்றத்துக்கு அவரைக் காரணமாகச் சொல்ல முடியாது. முதலில் இப்போது இருக்கிற டோக்கன் நிலையிலேயே ஐந்து நாள் சரியான வரையறையோடு எண்ணுங்கள். பிறகு அட்டையை உள்ளே வைத்துவிட்டு, கோடு ஒரு நிலைக்கு வரும்வரை எண்ணுங்கள், மூன்று நாளும் ஆகலாம், ஐந்து நாளும் ஆகலாம். பிறகு மறுபடி கொடுங்கள். அதாவது பி-ஏ-பி, முதல் ஏ உங்களிடம் இல்லாததால் ஏ-பி-ஏ-பி அளவுக்குப் பலம் இருக்காது, ஆனால் இப்போது கையில் இருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆரம்பிக்கும் முன் பெற்றோரிடம் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகு செய்யுங்கள். அட்டை இல்லாத நாட்களிலும் ஓடுவது ஏறாமல் அதே நாலைந்தில் நின்றால் பயந்துவிட வேண்டாம். ஒருவேளை உதவி ஆசிரியைதான் காரணமாக இருக்கலாம், அல்லது வகுப்பு அவனுக்குப் பிடிக்க ஆரம்பித்திருக்கலாம். அப்படி வந்தால் கிராஃபோடு வந்து சொல்லுங்கள், அடுத்து அவருடைய நாற்காலியை நகர்த்திப் பார்க்கலாம்.